தலையெழுத்து மாறிய வார்த்தைகள்

புரூஃப்காரருக்குப் பேச்சு திரும்பி வந்தபோது அதில் தமிழ் இல்லை.

இருபத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் ஆங்கிலப் புத்தகங்களுக்குப் பிழை திருத்தியவர் அவர். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் அன்று சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு நாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த நிமிஷம் வாயும் கேட்கவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பதினெட்டு நாள் ஊமையாகக் கிடந்தார். பத்தொன்பதாம் நாள் மதியம், கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே முதல் வார்த்தையைச் சொன்னார்.

"மூன்."

பக்கத்தில் இருந்த மனைவி ஆனந்தத்தில் எழுந்து நின்றுவிட்டாள். மூன் என்றால் நிலா. அந்த அளவுக்கு அவளுக்கும் இங்கிலீஷ் தெரியும். ஓடிப்போய் ஜன்னல் திரையை விலக்கினாள். பட்டப்பகல். வெயில் முகத்தில் அறைந்தது.

"நிலா இப்ப எங்கங்க வரும்?"

அவர் இடது கையால் கிண்ணத்தைத் தட்டினார். "மூன்! மூன்!" நர்ஸ் வந்து பார்த்துவிட்டு ஒரு ஸ்பூனை எடுத்துக் கொடுத்த பிறகுதான் அடங்கினார்.

மனைவிக்கு அவர் வைத்த பெயர் ஊசி. ஆளும் அப்படித்தான், வாயும் அப்படித்தான். வேலையும் ஒரு தையற்கடையில், பேன்ட் அடியை மடித்துத் தைப்பதும் பழைய சட்டையைச் சிறிசாக்குவதும். கடையிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் பரீட்சையை எப்படியோ தாண்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பாஷை இருக்கும் திசைக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டாள். வீட்டில் அது புருஷனின் சமாசாரம். இப்போது அந்தப் பாஷையைத் தவிர அவர் வாயில் வேறொன்றும் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் விஷயத்தை விளக்கினாள். "நீங்க பேசுற தமிழ் அவருக்குப் பெரும்பாலும் புரியுது. திருப்பிச் சொல்றதுக்குத்தான் தமிழ் வரல. இங்கிலீஷ் வருது, ஆனா முதல் எழுத்து வழுக்கிடுது. டீன்னு சொல்ல நினைச்சா கீன்னு வரும். பெட்னு நினைச்சா ரெட்னு வரும்."

"பள்ளிக்கூடத்துல எதுகைன்னு சொல்லிக்கொடுத்தாங்களே, அது மாதிரியா? தலையெழுத்து மாறி மத்ததெல்லாம் ஒண்ணா இருக்குமே?"

"அதேதான். அவர் ஒண்ணு சொன்னா, முதல் எழுத்தை மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. எங்கயாவது மாட்டும்."

"எங்க ரெண்டு பேருக்கும் தலையெழுத்துதான் மாறிப்போச்சு," என்றாள் ஊசி. அந்தப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலிருந்த ஃபைலைப் புரட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஊசி ஒரு நோட்டுப் போட்டாள். அவர் சொன்ன வார்த்தை ஒரு பக்கம், அவர் கேட்டது ஒரு பக்கம். புருஷனின் தடிமனான அகராதி மடியில். ரெயின் என்று முனகினார் ஒரு நாள். மழை. வெளியே மழை இல்லை. டிரெயின், செயின், பிரெயின் என்று அகராதியில் விரல் ஓட்டி ஓட்டி, பெயின் என்பதில் வந்து நின்றபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பெயின் என்றால் வலி. முக்கால் மணி நேரம் அந்த மனுஷன் வலியில் துடித்திருக்கிறார், இவள் ரயிலையும் சங்கிலியையும் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று அகராதியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அட்டை கிழிந்தது. பிறகு அவளே பசை தடவி ஒட்டினாள்.

காலை எட்டரைக்கு அவள் கடைக்குப் போக வேண்டும். திரும்ப மாலை ஆறாகும். நடுவில் நாத்தனார் வந்து சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவாள். புரூஃப்காரரின் அக்கா, இரண்டு தெரு தள்ளி வீடு, முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏற வேண்டும். மற்ற நேரமெல்லாம் அவர் தனி. இரண்டு தடவை குளியலறையில் விழுந்தார். ஒரு தடவை தானே டீ போடப் போய், அடுப்பின் மேல் துண்டு விழுந்து எரிந்தது. புகை வாடை பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைக்காத குறை.

அன்று மாலை சமையலறையில் நாத்தனார் பேச்சை எடுத்தாள்.

"இங்க பாரும்மா, எத்தனை நாளைக்கு இப்படி? நானும் உன்னை மாதிரி ஓடியாட முடியாது. ஆத்தோரமா ஒரு ஹோம் இருக்கு. பக்கவாதம் வந்தவங்களை நல்லாப் பாத்துக்கிறாங்களாம். ஒரு பெட் காலியாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்."

"அண்ணி, அவரை அங்க விட்டுட்டு நான் எப்படி..."

"நீ என்ன கல்லா? உனக்கும் உடம்புதானே. கண்ணாடியில முகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சு?"

அடுத்த அறையில் அவர் தூங்குவதாகத்தான் இருவரும் நினைத்தார்கள்.

மறுநாள் காலை அவர் கண் விழித்ததும் சொன்னது இரண்டு வார்த்தை.

"ஸ்னோ கோம்."

கோம் என்றால் சீப்பு. அது அகராதியில் முன்பே பார்த்தது. ஸ்னோ அவளுக்குத் தெரிந்த ஸ்னோதான், முகத்தில் பூசுகிற ஸ்னோ. ஆஹா, மனுஷனுக்கு அலங்காரம் பண்ணிக்கொள்ள ஆசை வந்துவிட்டது, உடம்பு தேறுகிறது என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வேலைக்கு நேரமாகிறதையும் பார்க்காமல் முகம் துடைத்து, கன்னத்தில் ஸ்னோ தடவி, வகிடெடுத்து வாரிவிட்டாள். கண்ணாடியைப் பிடித்துக் காட்டி, "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றாள்.

கண்ணாடிக்குள் இருந்த வெள்ளை முகத்தில் கண்ணீர் கோடு போட்டது. "ஸ்னோ கோம்," என்றார் மறுபடி. "ஸ்னோ கோம். ஸ்னோ கோம்." சீப்பைப் பிடுங்கி எறிந்தார்.

தையல் மெஷினில் உட்கார்ந்த பிறகும் அந்த இரண்டு வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. மெஷின் ஓடும் சத்தமே அப்படித்தான் கேட்டது. கால் மிதிக்க, வாய் தானாக முதல் எழுத்தை மாற்றிக்கொண்டிருந்தது. டோம். ஃபோம். ரோம்.

ஹோம்.

மெஷின் நின்றது. அதன் ஊசி முனை துணியில் பாதி இறங்கியபடி இருந்தது. கேட்டிருக்கிறார். சமையலறையில் பேசியதெல்லாம் கேட்டிருக்கிறார்.

அப்படியானால் ஸ்னோ? அதற்கு எதுகை தேட அகராதி தேவைப்படவில்லை. நோ. 'நோ ஹோம்.' என்னை ஹோமில் போடாதே. ஆனால் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்ததும் இன்னொரு வார்த்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. கோ. 'கோ ஹோம்.' நான் ஹோமுக்குப் போகிறேன்.

வேண்டாம் என்கிறாரா, போகிறேன் என்கிறாரா?

மாலை வந்ததும் வராததுமாக அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"என்னங்க, ஹோமுக்குப் போகணுமா?"

தலையை ஆட்டினார்.

"போக வேண்டாமா?"

அதற்கும் அதே மாதிரி ஆட்டினார். முகத்தில் அவஸ்தை. தலை தப்பாக ஆடுகிறது என்று அவருக்கே தெரிந்தது போலிருந்தது.

பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டாள். "ஆமா இல்லைங்கிறதுதான் இவங்களுக்கு ரொம்பக் கஷ்டம்மா. அதை வச்சு முடிவு பண்ணாதீங்க," என்றாள் அவள். வேறு எதை வைத்து முடிவு பண்ணுவது என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

நாத்தனாருக்குச் சந்தேகமே இல்லை. "எங்க தம்பியை எனக்குத் தெரியாதா? அடுத்தவங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு நினைக்கிறவன். கோ ஹோம்னுதான் சொல்றான். அவனே வழி விடுறான், நீ ஏன் குறுக்கே நிக்கிற?"

அப்படியே இருக்கட்டும் என்று ஊசியின் மனசு ஏங்கியது. வெறும் கோ. ஒரே ஒரு எழுத்து. அது கோவாக இருந்துவிட்டால் இனி படியேறும்போது புகை வாடை வருகிறதா என்று மோந்து பார்க்க வேண்டாம், கடையில் போன் அடித்தால் உயிர் போகிற மாதிரி பதற வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் நீட்டிப் படுக்கலாம். இப்படி ஏங்குகிறோமே என்று தன்னை நினைத்தே அவளுக்குப் பயமாக இருந்தது. எனக்கு வேண்டிய எழுத்தை நானே போட்டுக்கொள்கிறேனா? அடுத்த மூன்று நாளும் அவர் அதையே சொன்னார். அவள் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் வாடகை வண்டியில் போனார்கள். இடம் மோசமில்லை. கழுவிவிட்ட நடைக்கூடம், சுவரோரம் பிடித்து நடக்கக் கம்பி, ஜன்னல் பக்கம் காலியாக ஒரு கட்டில். புதுசாக விரித்த வெள்ளைத் துணி. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் இருந்த புரூஃப்காரரின் கண் அவரை விட்டு நகரவில்லை.

அலுவலக அறையில் மேனேஜரம்மா படிவத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு பக்கம். நாத்தனார் பெயர் வயதெல்லாம் சொல்லச் சொல்ல மேனேஜரம்மாவே நிரப்பினாள். கடைசியில் பேனாவை ஊசியின் பக்கம் நீட்டினாள்.

"இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

ஊசி பேனாவை வாங்கினாள். போட முடியவில்லை. திடீரென்று அவர் பக்கம் திரும்பி, இடம் பொருள் பார்க்காமல் கத்தினாள்.

"எந்த எழுத்துங்க? எனக்குப் புரியல! நோவா கோவா? ஒரே ஒரு தடவை சரியாச் சொல்லுங்களேன். உங்க காலைப் பிடிக்கிறேன், ஒரே ஒரு தடவை!"

"ஸ்னோ," என்றார் அவர். "ஸ்னோ. ஷோ. ஸ்னோ."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசி மேஜையில் தலை வைத்து அழுதாள். பேனா கையிலிருந்து உருண்டது.

அவர் அதை இடது கையால் நிறுத்தினார். விரல்களுக்கு நடுவில் கோணலாகப் பிடித்துக்கொண்டு படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். எழுத அவருக்கு வராது. ஆஸ்பத்திரியில் பல தடவை முயன்றும் கோழி கிளறிய மாதிரிதான் வந்தது. இப்போது பேனா முனை அச்சு வரிகளின் மேல் மெதுவாக நகர்ந்தது. மூன்றாவது வரியில் நின்றது. ஒரு வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டார்.

மேனேஜரம்மா எட்டிப் பார்த்தாள். "அட! ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு. இத்தனை வருஷமா யாரும் கவனிக்கலையே!" என்று சங்கடமாகச் சிரித்தாள்.

ஊசிக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவுதானா? இங்கே வந்தும் அச்சுப்பிழையா?

ஆனால் பேனா நிற்கவில்லை. மேலே போனது. மேனேஜரம்மா எழுதிய அவருடைய பெயர் இருந்த இடத்துக்குப் போனது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நடுங்கி நடுங்கி ஒரு கோடு இழுத்து, ஓரத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு சுழி சுழித்தார்.

ஊசிக்கு அந்தச் சுழி தெரியும். கல்யாணமான புதிதில், சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்த தாள்களைப் பார்த்து, "இது என்னங்க, பன்னிக்குட்டி வால் மாதிரி?" என்று கேட்டிருக்கிறாள். 'இதை எடுத்துடுன்னு அர்த்தம்' என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டாள்.

"நோ," என்றாள் ஊசி. "நோதான். அவர் நோன்னு சொல்றார்."

"அவனுக்கு என்னம்மா தெரியும்? சும்மா கிறுக்குறான்," என்றாள் நாத்தனார். குரலில் தெம்பில்லை.

"பெட்டுக்கு வேற ஒருத்தர் காத்திட்டிருக்காங்க," என்றாள் மேனேஜரம்மா.

"அவங்களுக்கே குடுத்துடுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, நிம்மதி என்று ஒன்றும் வரவில்லை. கிணற்றில் விழுந்தவள் கையில் கிடைத்த கயிற்றைத் தானே விட்டது மாதிரி இருந்தது. வெளியே நாத்தனார் தனியாக நடந்து போய்விட்டாள். வாடகை வண்டி கிடைக்கவில்லை. பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில், அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில், ஊசி உட்கார்ந்தாள்.

"திங்கக்கிழமை நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது," என்றாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அது கோவா இருக்கணும்னுதான் நான் நினைச்சேன். மூணு நாளா அதைத்தான் நினைச்சேன்."

அவர் இடது கையை அவள் பக்கம் நீட்டி, "லாரி," என்றார்.

அவள் ரோட்டைப் பார்த்தாள். லாரி எதுவும் வரவில்லை. ஒரு சைக்கிள்தான் போய்க்கொண்டிருந்தது.

"லாரி," என்றார் மறுபடி, அவள் முகத்தைப் பார்த்து. "லாரி. லாரி."

நோட்டும் வேண்டியிருக்கவில்லை, அகராதியும் வேண்டியிருக்கவில்லை. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும்தாங்க லாரி," என்றாள்.

மறுநாள் கடை மாஸ்டரிடம் போய் நின்றாள். வாரத்தில் மூன்று நாள் துணி மூட்டையை வீட்டுக்கு அனுப்பினால் அங்கேயே தைத்துக் கொடுப்பதாகச் சொன்னாள். மாஸ்டர் தாடையைச் சொறிந்தார். "ஒரு மாசம் பாக்கலாம். துணியில மட்டும் குறை வரக்கூடாது, ஆமா," என்றார். மற்ற மூன்று நாளுக்கு என்ன வழி என்று அவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு வாரம் முகம் கொடுக்காத நாத்தனார் கையில் கம்பளி நூலும் பின்னல் ஊசிகளுமாகப் படியேறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "உனக்காக வரல, என் தம்பிக்காக வந்தேன்," என்றாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். அதற்குப் பிறகும் அவர் ஒரு தடவை விழுந்தார். ஆனால் வீட்டில் ஆள் இருந்தது.

மூட்டை முதன்முதலாக வந்த அன்று, அவள் ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு தைத்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து மணி வாக்கில் "டில்" என்றார். பில், ஹில், மில், பில்லோ என்று அவள் போட்டுப் பார்க்காத எழுத்தில்லை. மாத்திரையைக் காட்டினாள், தலையணையைக் காட்டினாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். எதுவும் இல்லை. மாலை வரைக்கும் விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் இடது கையை வீசி, போகட்டும் விடு என்பதுபோலக் காட்டினார்.

"நாளைக்குப் பாத்துக்கலாங்க," என்று மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, அவள் அவருக்குக் கஞ்சி ஆற்ற எழுந்தாள்.