செல்விக்காக ஒரு நீள ஜெபம்

நளினி ஜெபத்தை ஆரம்பித்தால் வீட்டில் வடித்த சோறு ஆறிவிடும் என்று ஆந்திர எல்லையோரப் பாகாலா சபையில் கேலி செய்வார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் கேலி வரவில்லை. வேலைக்குக் கிளம்பும் பதினேழு வயது செல்வியை நடுவில் நிற்க வைத்து, சுற்றிலும் கைகோத்து ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். சங்கிலி ஜெபம். ஒருவர் விடும் இடத்தில் அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி ஆள் முடிக்கும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது, கையை விடக் கூடாது.

நளினிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. செல்வியை அழைத்துப் போக வந்திருக்கும் தேவசேனா, இரண்டு மாதமாகத்தான் சபைக்கு வருகிறாள். செல்வியின் தகப்பன் அப்பாவுவிடம் பெங்களூரில் துணிக்கடை வேலை என்றவள், போதகரம்மாவிடம் மும்பையில் வீட்டு வேலை என்றிருக்கிறாள். காலையில் நளினி அதை அப்பாவுவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"கோயிலுக்கு வர்றவங்க மேலயே சந்தேகமாக்கா? எம் பொண்ணு நல்லா இருந்தா உனக்குப் பொறுக்கலயா?" என்று எரிந்து விழுந்தான்.

குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். சித்தூரிலிருந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், அதுவரை பெண்ணை விடாதீர்கள் என்றார்கள். பெற்றவனே பெட்டி கட்டிக் கொடுத்தால் எப்படி விடாமலிருப்பது? அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், நீள ஜெபம். போதகரம்மாவின் காதில் விஷயத்தைப் போட்டாள். அப்பாவுவையும் தேவசேனாவையும் தவிர எல்லோர் காதுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

அதனால் இன்று சபையே நளினியாகிவிட்டது. மழைக்காக, மாந்தோப்புகளுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, காணாமல் போன எருமைக்காகக்கூட ஜெபித்தார்கள். தமிழில் ஒருவர் முடித்ததை அடுத்தவர் தெலுங்கில் முதலிலிருந்து ஆரம்பித்தார். வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"ஆமென்! ஆமென்!" என்றாள் தேவசேனா. "அண்ணே, டிரெயின் போய்டும். சொல்லுங்கண்ணே."

"ஜெபத்த முறிக்கக் கூடாதும்மா. தோ, ஆயிடும்" என்றான் அப்பாவு, கண்ணைத் திறக்காமல்.

காட்பாடி வண்டி கூவிக்கொண்டு போயே போய்விட்டது. தேவசேனா கையை உதறிக்கொண்டு வெளியேறி, போனில் யாரையோ கார் எடுத்து வரச் சொன்னாள். அவள் விட்ட இடத்தை இரண்டு பக்கத்துக் கைகளும் சேர்ந்து அடைத்தன. ஆனால் சங்கிலி கடைசி ஆளான அப்பாவுவிடம் வந்துவிட்டது. அவன் வாய்விட்டு ஜெபிக்கிறவன் அல்ல. ஆமென் என்று முடித்துவிடுவான்.

"ஆண்டவரே" என்றது ஒரு குரல். நடுவில் நின்ற செல்வி. யாருக்காக ஜெபிக்கிறார்களோ அவர்கள் வாய் திறப்பது அங்கே வழக்கமே இல்லை. "வயசு கேட்டா இருபத்தொண்ணுன்னு சொல்லணுமாம். போன வாங்கி வெச்சிக்குவாங்களாம். நைனாகிட்ட சொல்லாதன்னு தேவசேனாக்கா சொன்னாங்க. எனக்கு பயமா கீது. நீயே எங்க நைனாகிட்ட சொல்லிடு."

முதலில் கண்ணைத் திறந்தவன் அப்பாவுதான். வாசலில் ஏதோ வண்டி வந்து நின்றது. தேவசேனா வரச் சொன்ன காரா, சித்தூர் ஆட்களா என்று தெரியவில்லை. அப்பாவு ஆமென் சொல்லாமல் மகளுக்கு முன்னால் போய் நின்று, கோத்துக்கொள்ள இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டினான்.