கட்டிலடியில் சிவப்பு வெளிச்சம்

என் வீட்டுக்காரர் லோகு எலக்ட்ரீஷியன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பன்னிரண்டு வருட சர்வீஸ். ஆனால் ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு விளக்கு போட, அவருடைய அப்பா விழுந்து நெற்றியில் மூன்று தையல் வாங்க வேண்டியிருந்தது.

மாமாவுக்குப் பார்க்கின்சன் வந்து நாலு வருடம். கை நடுக்கம், குட்டிக் குட்டி நடை, பக்கத்தில் போனால்தான் கேட்கிற குரல். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்து, இருட்டில் சுவிட்சைத் தடவித் தேடி விழுந்திருக்கிறார். தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் சொன்னார்: "படுக்குற ரூம் கும்மிருட்டா இருக்கக் கூடாது. பெரிய லைட்டும் வேணாம், தூக்கம் போயிடும். தரைகிட்ட மங்கலா ஒண்ணு போடுங்க."

லோகுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூட வராமல் உட்கார்ந்து வேலை பார்த்தார். கட்டிலடியிலிருந்து பாத்ரூம் கதவு வரை சுவரோரமாக எல்இடி பட்டை. நடுங்குகிற விரலால் சுவிட்ச் போட முடியாது என்று சென்சார் வைத்தார். காலைத் தொங்கப் போட்டால் தானாக எரியும், ஒரு நிமிடம் அசைவு இல்லையென்றால் தானாக அணையும். சிவப்பு வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்காது என்று போனில் பார்த்துச் சிவப்பையே போட்டார். எனக்கே அவரைப் பற்றிப் பெருமையாகத்தான் இருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை மறுநாள் காலையே தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரை ஈரம். அதற்கு அடுத்த நாளும் ஈரம். விழுவதற்கு முன்னால் தட்டுத் தடுமாறியாவது போய் வந்த மனிதர், வெளிச்சம் போட்ட பிறகு நாலடி தாண்டவில்லை. இந்த வியாதிக்காரர்கள் போகப் போகக் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வியாதி முற்றிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டினோம்.

வியாழக்கிழமை லோகு பெரியவர்களுக்கான டயபர் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்து கட்டில் மேல் வைத்தார். மாமா அதைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. ஆசீர்வாதம் என்ற அந்த மனிதர் இருபத்தாறு வருடம் ரோலிங் மில்லில் கிரேனுக்குக் கீழே நின்று இரும்புக் கட்டுகளுக்குக் கொக்கி மாட்டியவர். அத்தை செத்த பிறகும் தன் துணியைத் தானே துவைத்தவர்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடு," என்றேன் லோகுவிடம்.

"அதுவரைக்கும் யாரு தொடைக்கிறது?"

"இதுவரைக்கும் யாரு தொடைச்சா? நான்தானே? உனுக்கு இன்னா வலிக்குது?"

அவர் பாக்கெட்டைக் கொண்டுபோய்ப் பீரோ மேல் வைத்தார். எனக்கும் துடைப்பதில் ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கட்டிவிட்டால் அப்புறம் அவிழ்க்க மாட்டோம் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். நாலு மணிக்கு எழுந்து சமையல்கட்டுக்குப் போகும்போது மாமா அறையில் சிவப்பு தெரிந்தது. கட்டிலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பகலில் எப்போதாவது கால் ஒட்டிக்கொள்ளும்போது அவருக்குக் குதிகால் படபடவென்று அடிக்கும், உடம்பு முன்னால் சாயும். அப்படி எதுவும் இல்லை. பாதம் இரண்டையும் சேர்த்து வைத்து நிமிர்ந்து நின்றார்.

"இன்னா மாமா, நின்னுக்கினே கீறீங்க? வாங்க, கூட்டிக்கினு போறேன்."

கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. வாயருகே காதைக் கொண்டுபோனேன்.

"இரும்மா. லைட்டு அணையட்டும்."

"எதுக்கு அணையணும்?"

"செவப்பு விழுந்தா தாண்டக் கூடாது. மேல லோடு போவுது." பிறகு அவரே கூரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இங்க லோடு இல்ல. தெரியும். ஆனா லோகு போட்டானே. நான் உழுந்துட்டேன்னு, போவாதன்னுதானே போட்டான்?"

மில்லில் கிரேன் பாரத்தோடு நகரும்போது தரையில் சிவப்பு வெளிச்சம் விழுமாம். அது அணைகிற வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. இங்கேயும் அணையட்டும் என்று ராத்திரி ராத்திரி காத்திருக்கிறார். அணையவே இல்லை. அவர் கை நடுங்க நடுங்க, ஆள் நடமாட்டம் என்று நினைத்துச் சென்சார் அதை எரியவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எங்களைக் கூப்பிட அவருக்குக் குரலும் இல்லை. பெற்ற பிள்ளை போகாதே என்று சொன்னதாக நினைத்து, நின்ற இடத்திலேயே நனைந்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, லோகுவை நாலு சாத்து சாத்தலாம் என்றும் வந்தது.

பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். டியூப் லைட்டைப் போட்டேன். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு, குட்டிக் குட்டி அடி வைத்துப் போய் வந்தார்.

லோகுவை எழுப்பிச் சொன்னேன். அவர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, மஞ்சள் பட்டை வாங்கி வந்து மாற்றினார். ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் படுக்காமல் மாமா அறை வாசலில் நின்றோம். அவர் எழுந்து காலைத் தொங்கப் போட்டதும் தரையெல்லாம் மங்கலாக மஞ்சள் பரவியது. அவர் வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"போலாமா?"

"போப்பா," என்றார் லோகு. "என்னைக் கேக்காத நைனா. போ."

மாமா போனார். பின்னாலேயே போன என்னைக் கையால் நிறுத்திவிட்டு, கதவை அவரே சாத்திக்கொண்டார்.