இரண்டாவது தோட்டா

எல்ட்ரெட் ஃபூட்டை நான் நாலு பேர் முன்னால் திருடன் என்று சொன்னேன். கடைக்கார மேவிஸ், தபால்காரர், பால் வாங்க வந்த பாதிரியாரின் மனைவி. நாலாவது என் மனசாட்சி. அது அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கதையை நானே சொல்லிவிடுவதுதான் நல்லது. வேறு யார் சொன்னாலும் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிவிடுவார்கள்.

என் கணவன் ஹெட்லி நண்டுப் படகுக்காரன். இரண்டு வருடத்துக்கு முன்னால், நண்டுக் கூட்டை மேலே இழுக்கும்போது கயிறு சுற்றிக்கொண்டு அவன் வலது கையின் நான்கு விரல்களையும் எடுத்துவிட்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். உயிரோடு வந்தானே என்று நான் நன்றி சொல்லாத நாள் கிடையாது. ஆனால் வந்தவன் பழைய ஹெட்லி இல்லை. சட்டைப் பொத்தான் போட அவனுக்கு ஐந்து நிமிடம் ஆகும். பாவம் என்று கை நீட்டினால் "வேணாம்" என்பான். ரொட்டியில் வெண்ணெய் தடவப் போனாலும் "வேணாம்". இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய சொல் அதுதான்.

இந்த வருட அரசாங்கக் குலுக்கலில் எங்களுக்கு மூஸ் வேட்டை உரிமம் விழுந்தது. மூஸ் என்றால் குதிரையைவிடப் பெரிய காட்டு மான். ஆறு வருடமாக விண்ணப்பம் போட்டு வந்தது. ஒரு மூஸ் கிடைத்தால் குளிர்காலம் முழுவதும் இறைச்சிக்குக் கவலை இல்லை. பாதியைப் புட்டியில் அடைத்து வைப்பேன், பாதி ஊருக்குப் போகும். உறையைப் பிரித்து நான் ஒரு கூச்சல் போட்டேன். ஹெட்லி அதை வாங்கிப் படித்துவிட்டு மேசை மேல் வைத்தான்.

"வேற யாருக்காவது போகட்டும். என் பேர்ல வேற யாராவது சுடட்டும்."

"ஏன், உனக்குக் கண்ணும் போயிடுச்சா?"

"கண்ணு இருக்கு. மொதத் தோட்டாவ இடது கையால சுட்டுருவேன். ரெண்டாவது?"

எனக்குப் புரிந்தது. எங்களிடம் இருந்த பழைய துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பக்கத்தில் இருக்கும் பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ள வேண்டும். ஒரு கை தாங்க வேண்டும், மறு கை இழுக்க வேண்டும்.

"அடிபட்ட மூஸ காட்டுக்குள்ள ஓட விட்டுட்டு வாயப் பொளந்துட்டு நிக்கிறவனுக்கு உரிமம் எதுக்கு? அது எங்கயோ போயி மூணு நாள் கெடந்து சாகும். நான் போகல."

அவன் சொன்னது நியாயம். எங்கள் பக்கத்தில் அப்படி விட்டுவிட்டு வருகிறவனை யாரும் டீக்குக்கூடக் கூப்பிடமாட்டார்கள்.

ஆனால் நான் சும்மா இருக்கிற ஜாதியில்லை. எங்கள் ஊர்க் கடல்குடாவின் எதிர்க்கரையில் எல்ட்ரெட் ஃபூட் இருக்கிறார். மீன் ஆலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி ஒன்று இருந்தது. சுட்டால் போதும். அந்த வெடிப்பின் புகையிலேயே கொஞ்சம் ஒரு சின்ன ஓட்டை வழியாக வந்து உள்ளே இருக்கும் இரும்பைப் பின்னால் தள்ளும். வெற்றுக் கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே போகும். கை வைக்கவே வேண்டாம். முப்பது வருடப் பழசு. எங்கள் இருவருக்கும் துப்பாக்கி உரிமத்தாள் இருந்ததால் என் பேரிலேயே எழுதி வாங்கினேன்.

"நல்லா ஓடும், லொரெட்டா. ஒரு தடவகூட இது என் கழுத்த அறுத்ததில்ல" என்றார் எல்ட்ரெட்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, என் பங்குக்கும் கழற்றித் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, ஹெட்லியின் பிறந்தநாளன்று மேசையில் வைத்தேன். அவன் நெடுநேரம் அதையே பார்த்தான். பிறகு இடது தோளில் வைத்து, முன்பக்கக் கட்டையை விரலில்லாத உள்ளங்கையில் தாங்கிப் பார்த்தான். பொருந்தியது. "ம்" என்றான். அந்த "ம்"முக்காக நான் இன்னொரு துப்பாக்கிகூட வாங்கியிருப்பேன்.

மறுநாள் ஊருக்கு வெளியே ஜல்லிக் குழிக்குப் போனோம். அட்டைப் பெட்டியை மண்மேட்டில் சாய்த்து வைத்தேன். முதல் குண்டு நடுவில் பாய்ந்தது. நான் கைதட்டினேன். ஹெட்லி மறுபடி விசையை இழுத்தான். ஒன்றும் இல்லை. வெற்றுக் கூடு பாதி வெளியே, பாதி உள்ளே, வாய்க்குள் சிக்கிய எலும்பு மாதிரி நின்றது.

அவன் துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து, இடது கையால் பிடியை இழுத்துக் கூட்டை எடுத்தான். மறுபடி சுட்டான். மறுபடி அதே கதை. வேறு கம்பெனித் தோட்டாவைப் போட்டோம். அதே கதை. துப்பாக்கிக்கு அடியில் மாட்டும் தோட்டாப் பெட்டியின் தகராறோ என்று இன்னொன்றை மாட்டினோம். அதே கதை. ஏழு தோட்டா, ஏழு தடவை முழங்கால் நடுவில். நான் உதவப் போனபோது அவன் "வேணாம்" என்றுகூடச் சொல்லவில்லை, திரும்பிக்கொண்டான்.

வண்டியில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தான்.

"துப்பாக்கிக்கும் தெரிஞ்சிருக்கு பாரு, எவன்கிட்ட வந்து மாட்டியிருக்கோம்னு."

வீட்டில் அவனை இறக்கிவிட்டு நேராக மேவிஸ் கடைக்குப் போனேன். அங்கே நான் பேசியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். கையில்லாதவனுக்குச் செத்த துப்பாக்கியைத் தலையில் கட்டிய திருடன் என்றேன். முழுதாகச் சொல்ல வேண்டுமானால், அவருடைய அம்மாவைப் பற்றியும் ஒன்று சொன்னேன்.

எங்கள் குடாவில் சேதி கரை கடக்கப் படகு தேவையில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்ட்ரெட்டின் வண்டி எங்கள் வாசலில் நின்றது. கையில் தகரக் கருவிப்பெட்டி.

"டீ இருக்கா?" என்றார். நான் திருடன் என்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஹெட்லி சமையலறை மேசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "யோவ், உன் கழுத்த அறுக்காதது எங் கழுத்த ஏழு தடவ அறுத்துச்சு."

"அதான் வந்திருக்கேன். சுட்ட கூடு எதாவது வெச்சிருக்கியா?"

ஹெட்லி பையிலிருந்து இரண்டை எடுத்துப் போட்டான். எல்ட்ரெட் முதலில் துப்பாக்கி காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தார். பிறகு வெற்றுக் கூட்டைக் கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விளிம்பு கிழியல. அப்ப இழுக்கிற கொக்கி நல்லாத்தான் இருக்கு. கூடு ஒட்டிக்கிட்டு வந்த கீறலும் இல்ல. தோட்டாப் பெட்டிக்குள்ள ஸ்பிரிங்கும் துடிப்பா இருக்கு." பிடியை மெதுவாகப் பின்னால் இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். "டேய், இங்க உன் கட்டவெரல வையி."

ஹெட்லி தயங்கினான். பிறகு அந்த ஒற்றைக் கட்டைவிரலை இரும்பின் மேல் வைத்தான். எல்ட்ரெட் மெல்ல இழுத்தார்.

"என்ன தெரியுது?"

"பாதில இழுக்குது. சேத்துல பூட்ஸு மாட்டுன மாதிரி."

"அதேதான். புகை வந்து தள்ளுது, ஆனா தள்ளுறது பத்தல. கூட்ட முழுசா எறியிறதுக்குள்ள மூச்சு போயிடுது."

முன்பக்க மரக்கட்டையின் திருகைக் கழற்றினார். கட்டை கையோடு வந்தது. உள்ளே, குழலுக்கு அடியில், புகை வரும் ஓட்டையைச் சுற்றி, அந்த இரும்புகள் ஓடும் பாதை முழுக்க, நீல நிறத்தில் கிரீஸ். ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும் வெந்து கறுத்து, தார் மாதிரி இறுகிப்போயிருந்தது.

படகு எஞ்சினுக்குப் போடும் நீலக் கிரீஸ். அதன் டப்பா எங்கள் ஜன்னலோரம், சர்க்கரை ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நான் என்ன செய்வேன்? கடலோரத்தில் பிறந்தவள். உப்புக்காற்று ஒரு மாதத்தில் எந்த இரும்பையும் தின்றுவிடும். கதவுக் கீல், எஞ்சின், சைக்கிள் செயின், பனிச்சறுக்கு வண்டி, எதை வாங்கினாலும் முதல் வேலையாகக் கிரீஸ் அப்புவோம். பிரியமான பொருளுக்கு இரண்டு விரல் கூடுதலாக அப்புவோம். ஹெட்லியின் பிறந்தநாள் பரிசுக்கு நான் நான்கு விரல் அப்பியிருந்தேன்.

எல்ட்ரெட் கிரீஸைப் பார்த்தார். நிமிர்ந்து ஜன்னலோர டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தன் டீக் கோப்பையைப் பார்த்தார். எனக்கு அடுப்புக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது.

"அட, கர்மமே" என்றார். "இது நான் செஞ்ச வேல. எடுத்து வெக்கும்போது துரு புடிக்கக் கூடாதுன்னு அப்பியிருக்கேன். குடுக்கும்போது துடைக்க மறந்துட்டேன். வயசாச்சுடா, ஹெட்லி."

ஹெட்லி மேசையில் ஒரு தட்டுத் தட்டினான். "யோவ்! முப்பது வருஷம் மெக்கானிக்கா இருந்தியா, இல்ல கேக்கு செய்யிறவனா இருந்தியா? இப்படிக் கிரீம் தடவி வெச்சிருக்க!"

"திட்டு, திட்டு. திட்டிக்கிட்டே அந்தக் குழல இறுக்கிப் புடி."

ஹெட்லி பிடித்தான். முழங்கையால் அணைத்து, கட்டைவிரலால் அழுத்தி, திட்டிக்கொண்டே பிடித்தான். எல்ட்ரெட் மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைத்தார். சின்ன ஓட்டையில் கம்பி விட்டுக் கறுப்பைச் சுரண்டினார். துணி துணியாக நீலம் வந்தது. கடைசியில் உலர்ந்த துணியால் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் தேய்த்தார்.

"இந்த எடம் மட்டும் காய்ஞ்சு கெடக்கணும். இங்க எண்ணெய் பட்டா சாம்பல் ஒட்டும், குளிர்ல இறுகும். மத்த எடத்துல ஒரு சொட்டுப் போதும்." இதைச் சொல்லும்போது அவர் ஹெட்லியைத்தான் பார்த்தார். கேட்டுக்கொண்டவள் நான்.

அவர் கிளம்பியதும் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன். கோட்டுக்கூடப் போடவில்லை.

"எல்ட்ரெட், அது நான்தான்..."

"தெரியும், அம்மாடி. என் வீட்ல அந்த நீலம் கெடையாது."

"உங்கள ஊர் முன்னால திருடன்னு சொல்லிட்டேன். உங்கம்மாவப் பத்தி வேற..."

"அதுவும் வந்து சேந்துச்சு. எங்கம்மா இருந்திருந்தா உன்கூட மல்லுக்கு நின்னிருப்பா." சிரித்தார். "இங்க பாரு. நீ செஞ்சன்னு தெரிஞ்சா அவன் உன்ன ஒண்ணும் சொல்லமாட்டான். உள்ளுக்குள்ள வெச்சுக்குவான். நான்னா, குளிர்காலம் முழுக்க வாய் ஓயாம திட்டுவான். அவன் திட்டி எவ்ளோ நாளாச்சு? உடம்புக்கு நல்லது."

என் வாழ்க்கையில் பலர் எனக்கு நல்லது செய்திருக்கிறார்கள். என் தப்பைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் போன மனிதர் அவர் ஒருவர்தான். பனியில் நின்று அழுதேன். மேவிஸ் கடைக்குப் போய், அதே நாலு பேர் காதில் விழுகிற மாதிரி என் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கிரீஸ் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் சொன்ன பொய்யை நான் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பயம்தான் பாதி.

அன்று மதியமே ஜல்லிக் குழியில் ஐந்து தோட்டா. ஐந்து கூடும் ஒன்றன்பின் ஒன்றாகப் பனியில் போய் விழுந்தன. ஹெட்லி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டான். "சனிக்கிழம போவோம்" என்றான்.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் சதுப்பின் ஓரம், குட்டை மரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். டீ வைக்கக் கெட்டிலைக்கூட இன்னும் எடுக்கவில்லை. எதிரே ஓர் இளம் ஆண் மூஸ் தன் பாட்டுக்கு வெளியே வந்து பக்கவாட்டில் நின்றது. ஹெட்லி துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான். எனக்கு அவனுடைய விரலில்லாத கை மட்டும்தான் தெரிந்தது. அது ஆடவில்லை.

சுட்டான். மூஸ் ஓர் அடி தள்ளாடியது, விழவில்லை. காட்டுப் பக்கம் கழுத்தைத் திருப்பியது. "ஆண்டவரே, இப்போது!" என்று நான் முணுமுணுப்பதற்குள் இரண்டாவது தோட்டா போய்விட்டது. மூஸ் முன்னங்கால் மடிந்து அங்கேயே சாய்ந்தது.

"கஷ்டப்படாமப் போச்சு" என்றான் ஹெட்லி. துப்பாக்கியைக் காலி செய்து மரத்தில் சாய்த்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு மூஸ் அருகில் போனான். நான் வழக்கப்படி நாலடி தள்ளியே நின்றேன். எதற்கு வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்?

தோலுரிக்க மூஸின் தொடையைத் தூக்கித் தோளில் முட்டுக் கொடுத்துப் பார்த்தான். வழுக்கியது. முழங்காலால் நிறுத்திப் பார்த்தான். அதுவும் வழுக்கியது. மூச்சு வாங்க நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான்.

"லொரெட்டா. வந்து இந்தக் காலப் புடி."

இரண்டு வருடம். கால் எங்கே வைக்கிறேன் என்று தெரியாமல் போய்ப் பிடித்தேன். அவன் ஒரு கையால் அழகாகத் தோலைக் கிழித்துக்கொண்டே பேசினான். "மொதத் தொட எல்ட்ரெட்டுக்கு. கிரீஸ அப்பி வெச்சான், கெழட்டுப் பய. ஆனா வந்து நின்னான் பாரு."

என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தக் கிரீஸ் அவர் அப்பினதில்ல, ஹெட்லி. நான்."

கத்தி நின்றது.

"உனக்கு நல்லாருக்கட்டும்னு அப்பிட்டேன். நீ மனசொடஞ்சிடுவேன்னு அவரு தன் மேல போட்டுக்கிட்டாரு."

அவன் என்னைப் பார்த்தான், துப்பாக்கியைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணீர் தாடியில் வழிய வழிய, சதுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தான்.

"அப்ப தண்டனையா ரெண்டு காலையும் நீயே புடி."

இரண்டையும் பிடித்தேன்.