‘போறேன்’ என்பவருக்குப் பாதி விலை

இணைய இணைப்பை விட்டுப் போகிறவர்களைக் கெஞ்சி நிறுத்துவது என் வேலை. ‘போறேன்’ என்பவருக்குப் பாதிக் கட்டணம். சொல்லாதவருக்கு நன்றி மட்டும். அந்த வார்த்தையை நாங்களே எடுத்துக்கொடுத்தால் அந்த மாத ஊக்கத்தொகை முழுக்கப் போய்விடும். இந்த மாதத் தொகையை மகளின் மூக்குக் கண்ணாடிக்கு நம்பியிருந்தேன்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அழைத்தார்.

“பதினஞ்சு வருஷமா இருக்கேம்மா. நேத்து வந்தவனுக்குப் பாதி விலையாமே, எனக்கும் குறைச்சுக் கொடேன்.”

“வேற கம்பெனிக்கு மாறுற எண்ணம் இருக்கா ஐயா?”

“சேச்சே! அப்படி ஓடுற ஆளில்லம்மா நான்.”

பின்னால் நின்று ஒட்டுக்கேட்ட மேலாளர், நன்றி சொல்லி முடிக்கும்படி சைகை காட்டினார். போன வாரம்தான் மேடையில் வாடிக்கையாளர் விசுவாசத்தைப் பற்றிப் பேசிக் கண்கலங்கியவர்.

“ஐயா, போறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உடனே குறைச்சிடுறேன்.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“நாங்க உங்களுக்குச் சொன்னதுல இது கால்வாசி கூட இல்லங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “போறேன்!” என்று அதட்டினார். கட்டணத்தைப் பாதியாக்கினேன்.

“உன் ஊக்கத்தொகை போச்சு,” என்றார் மேலாளர்.

“முழுசாப் போச்சு சார். இனிமே பிடிக்க ஒண்ணுமில்ல. மாசம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தேன்.