தானாக மூடும் கதவு

ஆறு கோழிகள் கூட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. ஒன்றைக்கூட மரநாய் தின்னவில்லை. கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கிறது. பசிக்குக் கொன்றிருந்தாலாவது மனம் ஆறும்.

அவளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட். கிழக்கு வெளுப்பதற்கு முன்பே தெருமுனைக்கு வேன் வந்துவிடும். புறப்படும்போது கொல்லையில் டார்ச் அடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது வழக்கம். இன்று பார்த்தால் கூட்டின் கதவு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதற்கு மேலே, கணவன் பொருத்திய டப்பாவில், பச்சை விளக்கு ஒன்றுமே நடக்காததுபோல எரிகிறது.

அவனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இருட்டுல நான் திறந்துவிட்டுட்டுப் போனா மரநாய்க்குத்தான் ஆகும். விடிஞ்சதும் எந்திரிச்சு நீங்க திறந்து விடுங்க." கிடங்கில் அவனுக்கு வேலை வெயில் ஏறின பிறகுதான். ஆனால் வாழைப்பழச் சோம்பேறிக்குத் தோல் உரிக்க ஒரு மிஷின் வேண்டுமே. சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகையை வாங்கி வந்தான். அதற்குப் பெயர் கம்ப்யூட்டராம். விலை மலிவு என்பதால் வீட்டில் ஏற்கெனவே நாலைந்து கிடந்தன. ஒன்று கண்ணாடியில் வானிலை காட்டும். நனைந்துகொண்டு வீட்டுக்கு வருகிறவளுக்கு வெளியே மழை என்று சொல்லும். இன்னொன்று தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விட்டு விட்டே அதை அழுக வைத்தது. அவள் அப்பா மாப்பிள்ளைக்கு விஞ்ஞானி என்று பட்டம் கட்டியிருந்தார். காலையில் எழுந்திருக்க முடியாத அந்த மனிதன், இந்தக் கதவுக்காக எத்தனை ராத்திரி கண்விழித்தான் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

விடிந்தால் மோட்டார் கதவைத் தூக்கும், பொழுது சாய்ந்தால் இறக்கும். "கையால மட்டும் தொட்டுடாத, பல்சக்கரம் போயிடும்" என்று உத்தரவு வேறு. நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கேட்டாள், "கதவு மூடிடுச்சான்னு பாத்தீங்களா?" போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான், "அதெல்லாம் தானா மூடும். நீ படு." அந்தப் பேச்சை நம்பிப் படுத்தாள்.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. போகட்டும் என்று விட்டாள். உள்ளே போய்க் கணவனையும் அப்பாவையும் எழுப்பினாள். எழுப்பினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, போர்வையை உருவினாள்.

அவர்கள் வருவதற்குள் மதில்மேல் எதுவோ கொக்கரித்தது. ஏழாவது, அடைக்கோழி. வால் இறகு முழுக்கப் போயிருந்தது, உயிர் இருந்தது. அவள் கூட்டுக்குள் கைவிட்டு மூலையில் இருந்த வைக்கோலைத் தடவினாள். முட்டைகள் உடையவில்லை. அடிப்பக்கம் கொஞ்சம் சூடுகூட மிச்சம் இருந்தது. இந்த வாரம் பொரிக்க வேண்டிய முட்டைகள். இன்னும் கொஞ்ச நேரம் கோழி உட்காராவிட்டால் அதுவும் போச்சு.

கணவன் வந்தான். கோழிகளைப் பார்த்தான். பிறகு டப்பாவைப் பார்த்தான். "நேத்து கரண்ட் போச்சா?"

"காலையில கதவு திறந்து கோழிங்க வெளிய வந்த உடனே போச்சு. இருட்டினப்புறம்தான் வந்துச்சு" என்றார் அப்பா. அந்தக் காலத்து லாரி டிரைவர். யாரையும் நம்பமாட்டார், போலீஸ்காரனிலிருந்து மின்விசிறி வரைக்கும்.

"அப்ப கூடத்துல இருக்குற வைஃபை டப்பா?"

அப்பா தொண்டையைச் செருமினார். "பகல்ல அத நான் பிடுங்கித்தான் வைப்பேன். நீங்க வர்றதுக்குள்ள சொருகிடுவேன். நேத்து மறந்துட்டேன்."

"மாமா, அத எதுக்குப் பிடுங்குறீங்க?"

"ஆளில்லாத நேரத்துல அது யாருக்குக் கண்ணடிச்சுக்கிட்டு இருக்குது? நான் இருமுறதக்கூட எவனுக்கோ சொல்லிக்கிட்டிருக்கும்."

"இந்தப் பலகைக்குள்ள கடிகாரம் கிடையாது மாமா. கரண்ட் போய் வந்தா நெட்டுல கேட்டுத்தான் மணி தெரிஞ்சுக்கும். கேக்க வழியில்லன்னா, எந்த மணியில நின்னுச்சோ அங்கருந்தே ஓடும். இதுக்கு இன்னும் பொழுதே சாயல. எல்லாம் உங்களாலதான்."

"என்னாலயா? மணியக்கூட ஊரான்கிட்ட கடன் கேக்குற கம்ப்யூட்டர வாங்கினது நானா மாப்ள? என் லாரியில ஒரு ஓட்டக் கடிகாரம் இருந்துச்சு. அது எவன் வாசல்லயும் போய் நிக்கல."

"அதுக்குன்னு பேட்டரிக் கடிகாரம் ஒண்ணு தனியா விக்கிறான். வாங்கிப் போடணும்னுதான் இருந்தேன்."

"இருந்தீங்க" என்றாள் அவள்.

இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒருவர் கரண்ட் கம்பெனிக்காரனை இழுத்தார், மற்றவர் மாமனாரின் சந்தேகப் புத்தியை இழுத்தார். நடுவில் முட்டை ஆறிக்கொண்டிருந்தது. அவள் தொழிற்சாலைத் தொப்பியைக் கழற்றி, ஒவ்வொரு முட்டையாக எடுத்து அதில் போட்டாள். கடைசி முட்டைக்குக் கை நீட்டும்போது தலைக்கு மேலே விர்ரென்று ஒரு சத்தம். வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. டப்பாவுக்கோ அப்போதுதான் பொழுது சாய்ந்தது. கதவு மெதுவாக, மிக ஒழுங்காக இறங்கி, அவள் மணிக்கட்டின்மேல் உட்கார்ந்தது.

"வேல செய்யுது பாத்தியா" என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

முட்டையை முதலில் பத்திரமாக வெளியே எடுத்தாள். பிறகு கதவைப் பிடித்து இழுத்தாள். கதவு, மோட்டார், டப்பா எல்லாம் ஒயரோடு பிய்ந்து சேற்றில் விழுந்தன. "ஐயோ, பல்சக்கரம்" என்று ஓடிவந்தவன், குனிந்து பலகையை எடுத்து, பனியனால் அதன் சேற்றைத் துடைத்தான். செத்த கோழிகள் அவன் காலடியில் கிடந்தன. ஒன்றைக்கூட அவன் தொட்டிருக்கவில்லை.

அவள் மதிலிலிருந்து கோழியைப் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே அவன் பிராஜெக்ட் அறைக்குப் போனாள். மேஜையை ஒரு கையால் வழித்துவிட்டாள். ஒயர், திருகாணி, வானிலைக் கண்ணாடி எல்லாம் தரைக்குப் போயின. உதிரிபாகப் பெட்டியைக் கவிழ்த்து, துண்டு விரித்து, தொப்பியோடு முட்டைகளை வைத்தாள். கோழியை இறக்கிவிட்டாள். அது நின்றது. உட்காரவில்லை.

கணவன் வாசலில் வந்து நின்றான். "ஒரு டெம்பரேச்சர் சென்சாரும் பல்பும் போட்டா, கோழி உக்காரலன்னாகூட நாமளே..."

அவள் குறுக்கே கை நீட்டி நிறுத்தினாள்.

"பொரிக்கிற வரைக்கும் இந்த ரூம் அதோடது. விடிஞ்சதும் தீனி, தண்ணி நீங்கதான் வைக்கணும். கையால. குஞ்சு ஒண்ணு குறைஞ்சாலும் உங்க பலகை ஒண்ணுகூட இந்த வீட்டுல இருக்காது."

கூடத்தில் அப்பா சிரித்தார்.

"சிரிக்காதீங்கப்பா. உங்க சந்தேகத்துக்கு ஆறு கோழி காவு போயிருக்கு. மம்பட்டி எடுத்துட்டுப் போய்க் குழி தோண்டுங்க. ரெண்டு பேரும்."

போனார்கள். அவள் சுவரோரம் அசையாமல் நின்றாள். கோழி பெட்டியைச் சுற்றி வந்தது, ஒரு ஒயரைக் கொத்தியது, முட்டைகளை அலகால் புரட்டியது. கொல்லையில் மண்வெட்டிச் சத்தத்தோடு பேச்சும் ஏறிக்கொண்டே வந்தது. பிடுங்கினது யார், பேட்டரி போடாதது யார். கோழி இறகைச் சிலிர்த்து, உடம்பைத் தாழ்த்தி, ஒருவழியாக உட்கார்ந்தது.

அவள் ஜன்னலைத் திறந்தாள்.

"வாய மூடிக்கிட்டுத் தோண்டுங்க. அது இப்பத்தான் உக்காந்திருக்கு."