இருபத்திரண்டு மணி நேரம்

கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள் மதிவதனி. உள்ளே அவளுடைய அப்பா கங்காதரன். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். முந்தின நாள் மதியம் ஆஸ்பத்திரியில் உயிர் போய், திருமுல்லைவாயில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

டொரண்டோவிலிருந்து தம்பி கிஷோர் விமானம் ஏறிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. எத்தனை மணி நேரப் பயணம் என்று டில்லிபாபு மாமா விசாரித்தார்.

“இருவத்திரண்டு மணி நேரம் மாமா. நாளிக்கு காத்தால வந்துருவான்.”

போனைப் பார்க்காமலே சொன்னாள்.

ஒரே பிள்ளை, அவனுக்கு வேலைதான் பெரிதாகப் போய்விட்டது என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள் குப்பம்மா அத்தை. மதிவதனி மறுக்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, செவ்வாய்க்கிழமையே கிஷோர் கூப்பிட்டு, டிக்கெட் பார்த்துவிட்டேன், கிளம்பட்டுமா என்று கேட்டிருந்தான். வேண்டாம் என்றவள் அவள்தான். எப்போதும்போல் இந்த முறையும் தேறிவிடுவார் என்று நம்பினாள். அது மட்டுமில்லை. ஏழு வருஷமாக மாத்திரையும் கஞ்சியும் அவள் கையால். ஆனால் அவன் வந்து இறங்கிவிட்டால் அப்பா அவள் பக்கம் திரும்பக்கூட மாட்டார். இந்த ஒரு தடவையாவது தன் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கட்டுமே என்று தோன்றிவிட்டது.

வியாழக்கிழமை மாலை அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கிஷோர் கிளம்பிவிட்டானா என்று கேட்டார்.

“கிளம்பிட்டான் நைனா.”

“எத்தினி கிலோமீட்டரு?”

போனில் தேடினாள். பதிமூவாயிரத்துக்கு மேல். பிராங்க்பர்ட்டில் வேறு விமானம் மாறி, இருபத்திரண்டு மணி நேரம். நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்துவிடுவான் என்றாள். உடனே கிஷோரைக் கூப்பிட்டிருக்கலாம். கை வரவில்லை, கூப்பிட்டால் செவ்வாய்க்கிழமை சொன்னதற்கு என்ன சமாதானம் சொல்வது?

அதன்பிறகு கண் விழிக்கும்போதெல்லாம், இப்போது எங்கே வருகிறான் என்று கேட்டார். டிரைவர் ஆயிற்றே. அவளும் வரைபடத்தைப் பார்த்துக் கடலும் ஊருமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து, நாலு மணி ஆகிக் கேட்டால் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கே மூச்சு நின்றுவிட்டது. முதலில் வந்தது அழுகை இல்லை. இனி நாலு மணி ஆனாலும் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி.

ஞாயிறு காலை கிஷோர் வந்தான். பெட்டியின்மேல் கவிழ்ந்து அழுதான். பிறகு வாசற்படியில் வந்து உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“நைனா என்னக் கேட்டாராக்கா?”

“கேட்டாரு. நீ பிளேன்ல வந்துகினு கீறன்னு சொன்னேன்.”



“எதுவரிக்கும் வந்துட்டன்னு சொன்னே?”

“அரபிக்கடல் வரிக்கும்.”

செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவனே, அக்கா வேண்டாமென்றாலும் தான் கேட்காமல் கிளம்பியிருக்க வேண்டும் என்றான்.

குளிப்பாட்ட வேண்டும், பிள்ளை வரட்டும் என்று உள்ளிருந்து மாமா அழைத்தார். கிஷோர் குனிந்து ஷூவைக் கழற்றப் பார்த்தான். அத்தனை நேரம் உட்கார்ந்தே வந்ததில் கால் வீங்கிக் கெட்டியாகப் பிடித்திருந்தது. மதிவதனி படிக்குக் கீழே இறங்கி உட்கார்ந்து, லேஸை முழுக்க உருவினாள். அவன் குதிகாலைப் பிடித்து, வலிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள்.