மதனி அக்கா போட்ட சரி அடையாளங்கள்

மகள் தர்ஷனாவைச் சிநேகிதி மதனியிடம் விட்டபோது, ஒரு பிள்ளைக் காப்பகத்தில் விடுவதாக லோஜினி நினைக்கவில்லை. கூடப் பிறந்தவள் வீட்டில் விடுவது போலத்தான் அவளுக்கு இருந்தது. கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வேலைக்கு வந்த புதிதில், புடவைக் கடையொன்றில் ஒரே மேசைக்குப் பின்னால் நின்று துணி வெட்டியவர்கள் இருவரும். பிரசவ வலி கண்ட அன்று தோட்டத்திலிருந்து யாரும் வந்து சேரவில்லை. ஆஸ்பத்திரிவரை கையைப் பிடித்துக் கூட்டிப் போனவள் மதனிதான். பிறகு மதனி கடையை விட்டுவிட்டு, கட்டுகஸ்தோட்டையில் தன் வீட்டு முன்னறையில் பதினொரு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள்; பிள்ளைகளுக்கு அவள் டீச்சர். லோஜினியின் கணவன் ரமேஸ் லொறியோடு வாரத்தில் ஐந்து நாள் வெளியூரில் இருப்பவன். ஆகவே காலை எட்டிலிருந்து மாலை ஐந்தரைவரை தர்ஷனா மதனி அக்காவின் பிள்ளை.

நாலு வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு ஒருநாள் மலம் கல் மாதிரி இறுகி, இரத்தம் கசிய வெளியே வந்தது. பிள்ளை அலறிய அலறலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். அன்றிலிருந்து கக்கூஸ் என்றாலே அவளுக்கு நடுக்கம். அலுமாரிக்குப் பின்னால் போய், கால்களைப் பின்னிக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, முகம் சிவக்க நிற்பாள். பாவம், முக்கிப் பார்க்கிறாள் என்று லோஜினி நினைத்தாள்.

டாக்டர் ஸெய்னுலாப்தீன் அதைக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். “அது முக்கிற இல்ல, மகள். அடக்கிற. நோகும் எண்டு பயந்து அடக்கிறா. அடக்க அடக்க இன்னும் இறுகும், இன்னும் நோகும்.”

அவர் மலத்தை இளக்கும் பாணி மருந்தொன்று எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் கொடுக்க வேண்டும். நன்றாகப் போகிறதென்று பார்த்துவிட்டு இடையில் நிறுத்தக்கூடாது, மாதக்கணக்காகும் என்றார். பால்மாவைக் குறைத்து, தண்ணீரும் பப்பாளியும் கீரையும் கூட்டச் சொன்னார். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஐந்து நிமிடம் கக்கூசில் உட்கார வைக்க வேண்டும், காலுக்கடியில் சின்னப் பலகை வேண்டும், போனாலும் போகாவிட்டாலும் ஏசக்கூடாது. எல்லாவற்றையும் கட்டம் போட்ட ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்.

காலை அவசரத்தில் பாணியை வாய்க்குள் ஊற்றுவதற்குள் பஸ் போய்விடும். மதனியே அதற்கு வழி சொன்னாள். “போத்திலை என்னட்டைத் தாரும். நான் பருக்கிறன். அட்டவணையையும் இஞ்சையே ஒட்டிவிடும்.” லோஜினிக்குக் கண் கலங்கியது. இப்படி ஒருத்தி தனக்குக் கிடைத்தாளே என்று அன்றிரவு ரமேசிடமும் சொன்னாள்.

ஒவ்வொரு மாலையும் மதனி விபரம் சொல்வாள். பாணி குடித்தாள், மூன்று தரம் கக்கூசில் இருந்தாள், ஒரு தரம் போனாள். சுவரில் நீல மையில் சரி அடையாளங்கள் வரிசையாக நின்றன. போத்தல் முடிந்தது என்றாள். லோஜினி புதிதாக வாங்கிக் கொடுத்தாள். பிறகு இன்னொன்றும் கொடுத்தாள்.

ஆனால் பிள்ளை மெலிந்தாள். வயிறு உப்பியது. மூன்றாம் மாதம் உள்ளாடை நனையத் தொடங்கியது. நீர் நீராக, நேரம் காலம் இல்லாமல். வயிற்றோட்டம்தான், பிள்ளைக்குச் சோம்பல், விளையாட்டை விட்டு எழும்பப் பஞ்சிப்படுகிறாள் என்றாள் மதனி. லோஜினி அதை நம்பினாள். நாலரை வயதில் இப்படிச் செய்கிறாயே என்று மகளை ஏசினாள். ஒருமுறை தொடையில் அடித்தும்விட்டாள்.

அன்று பஸ்ஸில் வரும்போது தர்ஷனா மெதுவாகச் சொன்னாள். “டீச்சர் கக்கா போக விட மாட்டாங்கம்மா.”

“பொய் சொல்லாத. டீச்சருக்கு உன் மேல எவ்வளவு பாசம்” என்றாள் லோஜினி.

பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மறுபடி காட்டப் போனபோது டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இடப்பக்கம் அடியில் கட்டி கட்டியாக நிற்கிறது என்றார். இது வயிற்றோட்டம் இல்லை. உள்ளே அடைத்து நிற்பதைச் சுற்றி நீர் வழிகிறது, அது வருவது பிள்ளைக்கே தெரியாது என்று விளக்கினார். பிறகு, பாணி உண்மையில் உள்ளே போகிறதா என்று கேட்டார். லோஜினிக்குச் சுருக்கென்றது. கொடுப்பது தன் அக்கா மாதிரி ஒருவர், ஒருநாளும் தவறமாட்டார் என்று கொஞ்சம் கோபமாகவே பதில் சொன்னாள். டாக்டர் அடுத்த கிழமை திரும்ப வரச் சொன்னார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கடையில் மின்சாரம் நின்று, பதினொரு மணிக்கே எல்லாரையும் போகச் சொன்னார்கள். பிள்ளையோடு பகல் சாப்பிடலாம் என்ற சந்தோசத்தில் லோஜினி கட்டுகஸ்தோட்டைக்குப் போனாள். படலை திறந்திருந்தது. முன்னறை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தர்ஷனா நின்றாள். பின்னிய கால்கள், உயர்ந்த குதிகால், நெற்றியில் வேர்வை. உள்ளே சோறு பரிமாறிக்கொண்டிருந்த மதனி திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

“தர்ஷனா, அடக்கிக்கொண்டு வந்து இரு. கக்கா எல்லாம் வீட்டை போய்த்தான். எத்தினை தரம் சொல்லுறது?”

லோஜினியின் கண் தானாகச் சுவரில் இருந்த அட்டவணைக்குப் போனது. பிள்ளைகள் இன்னும் பகல் சாப்பாட்டுக்கே உட்காரவில்லை. ஆனால் பின்னேரக் கட்டம்வரை அன்றைய சரிகள் எல்லாம் போட்டாகிவிட்டது. சாமான் அடுக்கும் ராக்கையின் மேல்தட்டில் அவள் வாங்கிக் கொடுத்த மூன்று பாணிப் போத்தல்களும் இருந்தன. இரண்டில் மூடி முத்திரைகூட உடையவில்லை.

மதனி அவளைக் கண்டதும் அகப்பை கையிலேயே நின்றுபோனது.

“ஏன் அக்கா?” என்றாள் லோஜினி.

மதனி முதலில் மழுப்பினாள். பிறகு எல்லாம் வந்தது. கழுவித் துடைக்க வந்த பெண் தை மாதமே நின்றுவிட்டாள். பதினொரு பிள்ளைகள், ஒரு கக்கூஸ், இரண்டே கைகள். பாணி கொடுத்த முதல் வாரம் பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு மூன்று தரம் போனது; மற்றத் தாய்மார் மணக்கிறதென்று முகம் சுளித்தார்கள். அதனால் நிறுத்திவிட்டாள்.

“உமக்குச் சொன்னா நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவீர் எண்டு பயந்தன். கொஞ்சம் அடக்கினா என்ன வரப்போகுது எண்டு நினைச்சிட்டன், லோஜினி.”

“நான் அவள அடிச்சேன் அக்கா. நீங்க சொன்னத நம்பி அடிச்சேன்.”

மதனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லோஜினி அதற்குள் மகளைத் தூக்கிக்கொண்டு கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கால்மணி நேரம் அவள் முன்னால் குந்தியிருந்தாள். பிள்ளை ஒன்றும் போகவில்லை. பயந்த கண்ணோடு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது மதனி அட்டவணையைச் சுவரிலிருந்து கிழித்துக் கையில் வைத்திருந்தாள். லோஜினி அதை வாங்கவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளையை மதனியிடம் விடவில்லை; காலையில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கடையில் கேட்டு, பகல்வரை மட்டும் வேலை என்று மாற்றிக்கொண்டாள். டாக்டரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் குற்றம் சொல்லவில்லை. முதலில் சில நாள் கூடுதல் மருந்து கொடுத்து அடைப்பை வெளியேற்றினார். பிறகு பழைய அளவு, பழைய ஒழுங்கு. பஸ்ஸில் சொன்னதை நம்பாமல் போனதற்கு லோஜினி மகளிடம் மன்னிப்புக் கேட்டாள். தர்ஷனா அம்மாவின் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். பல வாரங்களுக்கு, சொந்த வீட்டிலேயே, “நான் கக்கா போகலாமாம்மா?” என்று அவள் கேட்பது நிற்கவில்லை. கேட்கும் ஒவ்வொரு முறையும் லோஜினி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிப் போனாள்.

ஆடி மாதத்து ஞாயிறொன்றில், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை கேட்காமலே எழும்பிப் போனாள். சற்று நேரத்தில் உள்ளிருந்து கூப்பிட்டாள். “அம்மா, போயிருச்சு. நோகவே இல்ல.”

லோஜினி ஓடிப்போய் அவளைக் கழுவி, முகமெல்லாம் முத்தமிட்டாள். பிறகு இந்தச் செய்தியை யாருக்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஐந்து வருடத்துக்கு மேலான பழக்கம். போனை எடுத்த விரல் மதனி அக்காவின் பெயரில்தான் போய் நின்றது. கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரமாயிருந்த பிள்ளையின் கால்களைத் துடைக்கப் போனாள்.